மூன்றும் மூன்றும் ஆறாம் வகுப்பு

இப்போதெல்லாம் எவனும் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வதில்லை. கேள்வி கேட்டதற்கு நன்றி சொல்கிறான். உங்கள் கேள்வி எங்களுக்கு ரொம்ப முக்கியம் என்கிறான். அப்புறம் அந்த முக்கியத்தைத் தாளில் எழுதி, தாளை உறையில் போட்டு, உறையைப் பெட்டியில் போட்டு, பெட்டி மேல் ஒரு பூந்தொட்டியை வைத்துவிடுகிறான். பீச் தோட்டத்து மேஸ்திரிகள் வாயைத் திறந்தால் வசவுதான். ஆனால் தண்ணீர்க் குழாய் எங்கே என்று கேட்டால், வைதுகொண்டேயாவது கையை நீட்டிக் காட்டிவிடுவார்கள்.

இது ஃபெர்மினின் கருத்து. எழுபத்து மூன்று வயது. படிப்பு, மெக்சிகோவில் பிறந்த ஊரில் மூன்றாம் வகுப்பு. அதிலும் கடைசிப் பாதி ஆடு மேய்ப்பதில் போய்விட்டது. நாற்பத்தொரு வருஷம் கலிபோர்னியாப் பள்ளத்தாக்கில் பீச் மரங்களைக் கவாத்து செய்தவர். கவாத்துக்காரர்களுக்கு ஒரு புத்தி உண்டு. எதைப் பார்த்தாலும் இதில் எதை வெட்டி எறியலாம் என்றுதான் முதலில் தோன்றும்.

அவரிடம் இருந்தது ஒரே கேள்வி. தம்பி நாத்தோவிடம் ஸ்பானிஷில் உட்கார்ந்து பேச ஒரு டாக்டரோ, டாக்டர் மாதிரி ஒருத்தரோ எங்கே கிடைப்பார்?

நாத்தோவுக்கு அறுபத்தாறு. பெண்டாட்டி செத்து இரண்டு வருஷம். முதல் வருஷம், பரவாயில்லையே என்று ஊரே மெச்சும்படி இருந்தார். அப்புறம் பழப் பெட்டி லாரி ஓட்டிக்கொண்டிருந்த வேலையும் போயிற்று. மறுநாள் காலையிலிருந்து, அண்ணன் வீட்டு முற்றத்தில் நிற்கும் தன் பழைய பிக்கப் வண்டியில் ஏறி உட்கார ஆரம்பித்தார். சாவி கையில் இருக்கும். எஞ்சின் அணைந்திருக்கும். எங்கேயும் போகமாட்டார். பொழுது சாய்ந்தால் இறங்கி வந்து படுத்துக்கொள்வார். ஃபெர்மினின் மனைவி ஒப்தூலியா வேலைக்குக் கிளம்புமுன் வண்டி ஜன்னல் வழியாகத் தட்டை நீட்டுவாள். பீன்ஸ், இரண்டு தொர்த்தியா ரொட்டி. சாயங்காலம் வந்து அதை அப்படியே கோழிகளுக்குப் போடுவாள். கோழிகள் கொழுத்தன.

ஒரு நாள் நாத்தோ, உப்பு இருக்கிறதா என்று கேட்கிற குரலில் கேட்டார்: "அண்ணே, காலையில முழிப்பே வராமப் போயிட்டா யாருக்கு என்ன நஷ்டம்?"

ஃபெர்மின் அன்றைக்கே வண்டியின் பேட்டரியைக் கழற்றிக் கோழித்தீவன மூட்டைக்கு அடியில் ஒளித்தார். மேற்கே ஒரு மைலில் பாசனக் கால்வாய். இரண்டு கரையும் வழுக்குகிற சிமெண்ட். பேட்டரி இல்லாதது நாத்தோவுக்கும் தெரியும். தெரிந்தே மறுநாளும் ஏறி உட்கார்ந்தார்.

அவசர எண்ணைக் கூப்பிட்டால் போலீஸ் வரும். சின்ன வயசில் குடியேற்றத்துறை வண்டியைக் கண்டு ஓடிப் பழகிய கால்கள் நாத்தோவுடையவை. விளக்கைச் சுழற்றிக்கொண்டு வந்து நின்றால் அவை எந்தத் திக்கில் ஓடும் என்று ஃபெர்மினுக்குத் தெரியும். அதனால் பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை, இருக்கிற ஒரே நல்ல சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு, மாவட்ட மனநல அலுவலகத்துக்குப் பஸ் ஏறினார்.

அங்கே யாரித்ஸா என்ற பெண் இருந்தாள். போர்ட்டோ ரிக்கோக்காரி. முப்பது வயது இருக்கும். மொழிச் சேவைப் பிரிவின் ஒருங்கிணைப்பாளர். அவள் வாயில் ஸ்பானிஷையும், பெரியவர்களை மரியாதையாக அழைக்கும் 'டான்' என்ற சொல்லையும் கேட்டதும் ஃபெர்மினுக்குப் பாதி பாரம் இறங்கிவிட்டது.

"இருக்காங்க டான் ஃபெர்மின்! நம்ம மொழியிலயே பேசறவங்க இருக்காங்க. அதுக்குன்னே தனியா ஒரு நம்பர் இருக்கு."

"அப்பக் குடு தாயி."

"குடுக்க முடியாது."

"ஏன்?"

"நம்பர் கையேட்டுல வரும். கையேடு ஸ்பானிஷ்ல இன்னும் வரலை. தகவல் இல்லாம நம்பரை மட்டும் குடுத்தா, ஜனங்க விஷயம் புரியாமலே உதவி கேட்டுருவாங்க. விதியில அதுக்கு இடமில்ல."

"உனக்கு அந்த நம்பர் தெரியுமா தெரியாதா?"

"அது வேற பிரிவு."

"சரி, இங்கிலீஷ் கையேட்டுல இருக்குமே?"

"அதுல இருக்கறது இங்கிலீஷ் நம்பர்."

அந்த எண்ணை ஃபெர்மின் வீட்டிலிருந்து ஏற்கெனவே போட்டுப் பார்த்திருந்தார். ஒரு பெண் எதையோ சொல்லி, அப்புறம் பாட்டுப் போட்டுவிட்டுப் போய்விட்டாள். நாற்பது நிமிஷம் பாட்டு. நல்ல பாட்டுத்தான்.

"கையேடு எப்ப வரும்?"

யாரித்ஸா சுவரில் இருந்த அறிவிப்பை அவர் உதடு அசைய அசைய எழுத்துக்கூட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகம் மெல்ல மலர்ந்தது. "டான் ஃபெர்மின், நீங்க எதுவரைக்கும் படிச்சிருக்கீங்க?"

இப்படித்தான் அவர் வாசகர் குழுவில் சேர்ந்தார். இங்கிலீஷிலிருந்து ஸ்பானிஷுக்கு மாற்றிய கையேடு எளிய மனிதனுக்குப் புரிகிறதா என்று பார்க்க ஒரு எளிய மனிதன் வேண்டும். ஒரு வருஷமாகத் தேடுகிறார்கள். விண்ணப்பித்தவர்கள் எல்லாம் பட்டதாரிகள். எவ்வளவு சீக்கிரம் புரிகிறதோ அவ்வளவு சீக்கிரம் எண் கிடைக்கும் என்று கணக்குப் போட்டு ஃபெர்மின் கையெழுத்துப் போட்டார்.

முதல் கூட்டத்திலேயே சிக்கல். கையேடு ஆறாம் வகுப்புப் படிப்புக்கு எழுதப்பட வேண்டும் என்பது விதி. ஆகவே அதைச் சோதிப்பவரும் ஆறாம் வகுப்பாக இருக்க வேண்டும். ஃபெர்மின் மூன்று. அவருக்குப் புரிந்தால் கையேடு மட்டமாகிவிட்டது என்று ஆகும். புரியாவிட்டால் அவர் மட்டம் என்று ஆகும். இரண்டையும் படிவத்தில் எழுத முடியாது. விஷயம் இயக்குநர் லோர்னா டாக்கெட் அம்மாள் வரை போயிற்று. அம்மாள் இரண்டு வாரம் யோசித்தாள். யோசித்து, டோன்யா க்ளியோஃபாஸ் என்ற கிழவியைக் கொண்டுவரச் சொன்னாள்.

க்ளியோஃபாஸ் பழம் அடைக்கும் ஆலையில் முப்பது வருஷம் நின்றவள். அவளும் மூன்றாம் வகுப்பு. இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்துப் பதிவேட்டில் 'ஆறாம் வகுப்பு' என்று எழுதிக்கொண்டார்கள்.

"என்னய்யா ஃபெர்மின், இந்த வயசுல நம்ம ரெண்டு பேரையும் ஒரே பெஞ்சுல போட்டுட்டாங்க," என்றாள் கிழவி. "காப்பியடிக்காத."

"உன்னைப் பார்த்து அடிச்சா நான் ரெண்டாங்கிளாசுக்கு இறங்கிருவேன்."

"நான் பிஸ்கட்டுக்கு வந்தேன். நீ எதுக்கு வந்தே?"

"நம்பருக்கு."

"பிஸ்கட் குடுத்துட்டாங்க," என்றாள் அவள், ஒன்றை எடுத்துக் கடித்தபடி.

கூட்டம் நடக்கும் முறை இது. யாரித்ஸா ஒரு வரியை வாசிப்பாள். 'என்ன புரிந்தது?' என்று கேட்பாள். இவர்கள் சொல்வார்கள். அவள் எழுதிக்கொள்வாள். திரையில் மூன்று மொழிபெயர்ப்பாளர்கள் தெரிவார்கள். ஒருவர் அர்ஜென்டினா, ஒருவர் ஸ்பெயின், ஒருவர் கொலம்பியா. இந்த நோய்க்கு எந்தப் பெயரை வைப்பது என்று அவர்கள் மார்ச்சில் தொடங்கிய சண்டை, பீச் பூத்து உதிர்ந்து காய் பிடிக்கும் வரை ஓயவில்லை. ஒரு கட்டத்தில் ஸ்பெயின்காரர் மனம் உடைந்து மூன்று வாரம் விடுப்பில் போனார்.

மே மாதம் யாரித்ஸா, "உங்க வார்த்தையில சொல்லுங்க டான் ஃபெர்மின். இந்த நோய் வந்தவங்க எப்படி இருப்பாங்க?" என்று கேட்டாள்.

ஃபெர்மின் தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்தார். "வண்டில ஏறி உக்காருவான். சாவி கையில இருக்கும். ஆனா எங்கயும் போகமாட்டான். ராத்திரி வரைக்கும் அப்படியே உக்காந்திருப்பான்."

 க்ளியோஃபாஸ் கடிப்பதை நிறுத்தினாள். திரையில் அர்ஜென்டினாக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். யாரித்ஸா பேனாவை வாயில் வைத்துக்கொண்டு, "அருமை. மக்களோட சொந்தக் குரல். இதை அப்படியே போட்டுருவோம்," என்றாள்.

"போட்டுக்கோ. அவன் என் தம்பி. நீதான் நல்லாப் பேசறியே, ஞாயித்துக்கிழமை வந்து அவன்கிட்ட ஒரு வார்த்தை பேசேன். அரைமணி நேரம். ஒப்தூலியா கோழிக்குழம்பு வைப்பா."

யாரித்ஸாவின் முகம் ஒரு கணம் வெறும் பெண்ணின் முகமாக இருந்தது. அப்புறம் ஒருங்கிணைப்பாளரின் முகமாயிற்று. "நான் உதவி பத்தின தகவலை மொழிபெயர்க்கறவ டான் ஃபெர்மின். உதவி செய்யறவ இல்ல. நான் போய்ப் பேசிட்டா, தகவல் இல்லாமலே உதவி கிடைக்கும்னு ஆயிடும். அப்புறம் இந்தக் கையேடு எதுக்குன்னு மேல கேப்பாங்க."

"கேக்கட்டுமே."

அவள் அதையும் எழுதிக்கொண்டாள்.

இனி ஒஹாயோக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஸ்பானிஷில் எழுதிய கையேட்டை யாராவது மறுபடி இங்கிலீஷுக்குத் திருப்ப வேண்டும். திருப்பியதையும் பழைய இங்கிலீஷையும் ஒப்பிட்டு, ஒத்துப்போனால்தான் மொழிபெயர்ப்பு சரி. அப்படித் திருப்புகிறவருக்குப் பழசு எதுவும் தெரிந்திருக்கக் கூடாது. இந்தத் துறையில் ஒன்றும் தெரியாதவர் என்று சான்றிதழ் பெற்ற ஒருவர் ஒஹாயோவில் இருந்தார். அவரிடம் யாரும் பேசக் கூடாது. அவரும் யாரிடமும் எதையும் கேட்கக் கூடாது. அவர் பெயர்கூட யாருக்கும் தெரியாது. மிகவும் சுத்தமான மனிதர்.

ஃபெர்மினின் வரி ஒஹாயோ போய் ஜூலையில் திரும்பி வந்தது. 'வாகனம் இருந்தும் பயணம் செய்ய இயலாத நபர்கள்.'

டாக்கெட் அம்மாள் நேரில் வந்தாள். அவள் இங்கிலீஷில் பேசப் பேச யாரித்ஸா ஸ்பானிஷில் சொன்னாள். "இது மிகப்பெரிய கண்டுபிடிப்பு. நாங்கள் இத்தனை காலம் இம்மக்களின் பிரச்சினை மனத்தில் இருக்கிறது என்று நினைத்திருந்தோம். போக்குவரத்தில் இருக்கிறது. நாங்கள் கேட்கத் தெரிந்தவர்கள் என்பதால் இது வெளிவந்தது. மற்ற மாவட்டங்கள் பேசுகின்றன. நாம் கேட்கிறோம். கேட்டதை எழுதுகிறோம். எழுதியதை அனுப்புகிறோம்."

"வண்டி ஓடாததுக்குக் காரணம் இருக்கும்மா," என்றார் ஃபெர்மின். "பேட்டரியை நான்தான் எடுத்து வச்சிருக்கேன். அவன் கால்வாய்ல போய் விழுந்துருவானோன்னு."

யாரித்ஸா அதையும் இங்கிலீஷில் சொன்னாள். அம்மாள் கண்கலங்கி அவர் கையைப் பற்றிக்கொண்டாள். ஒரு வாரத்தில் நாத்தோவின் பெயருக்கு உறை வந்தது. அதில் இருபது பஸ் டிக்கெட்டுகள். கூடவே பேட்டரி பராமரிப்பு பற்றி ஒரு தாள், இங்கிலீஷில்.

ஃபெர்மின் அதை எடுத்துப் போய் பிக்கப்பின் மறுபக்கக் கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்தார். ஜூலை வெயிலில் வண்டி அடுப்பாகக் கொதித்தது. நாத்தோவின் சட்டைக் கழுத்து இரண்டு விரல் தளர்ந்திருந்தது.

"என்னண்ணே அது?"

"பஸ் டிக்கெட்டு. உனக்கு."

"எங்க போக?"

"அது எழுதல."

நாத்தோ சிரித்த மாதிரி இருந்தது. ஆறு மாதத்தில் முதல் தடவை. அப்புறம் முகம் பழையபடி கதவு சாத்திக்கொண்டது. "நீ ஏன்ணே எனக்காக அலையறே? விடேன்."

"நம்பர் குடுப்பாங்கடா. வாங்கிட்டு வந்துர்றேன். நல்லாப் பேசறவங்களாம். அதுவரைக்கும் இரு."

"எதுவரைக்கும்?"

"கையேடு வர்ற வரைக்கும்."

"சரி," என்றார் நாத்தோ. "வரட்டும்."

அந்தச் சரியைப் பிடித்துக்கொண்டுதான் ஃபெர்மின் அதன்பின் அலைந்தார். தம்பிக்கு வந்த பஸ் டிக்கெட்டுகளிலேயே கூட்டங்களுக்குப் போனார். நான்கு டிக்கெட்டு அட்டைப்படத்துக்குப் போயிற்று. முதலில் கள்ளிச்செடிக்கு அடியில் ஒருவன் தலைகவிழ்ந்து உட்கார்ந்திருந்தான். பள்ளத்தாக்கில் ஏது கள்ளி என்று கேட்டார் ஃபெர்மின். கள்ளியை எடுத்தார்கள். அப்புறம், சோகமான மனிதனைப் போட்டால் சமூகத்தைச் சோகமாகக் காட்டியதாகும் என்று அவனைச் சிரிக்கவைத்தார்கள். சிரிக்கிறவனுக்கு எதற்கு உதவி என்று க்ளியோஃபாஸ் கேட்டாள். கடைசியில் மனிதனையே எடுத்துவிட்டு ஒரு காப்பிக் கோப்பையைப் போட்டார்கள்.

செப்டம்பரில் கடைசிப் பக்கம் வந்தது. பக்கத்தின் நடுவில் அழகான நீலக் கட்டம். யாரித்ஸா, "இதை நீங்களே வாசிங்க," என்றாள்.

ஃபெர்மின் விரலை வைத்து எழுத்துக்கூட்டினார். "உதவிக்கு... உடனே... அழைக்கவும். உள்ளூர்... எண்ணை... இங்கே... இடவும்."

"என்ன புரிஞ்சது?"

"இங்க நம்பர் போடணும்னு புரிஞ்சது."

"நூத்துக்கு நூறு!" என்று யாரித்ஸா கட்டத்தில் சரி போட்டாள்.

"எப்பப் போடுவீங்க?"

"அது வாசிப்புக் கேள்வி இல்லையே டான் ஃபெர்மின்."

"விடுய்யா," என்று காதோரம் முணுமுணுத்தாள் க்ளியோஃபாஸ். "அச்சடிக்கறப்ப போடுவாங்க. ஆலையில டப்பாவுக்கு லேபிள் கடைசியிலதான் ஒட்டுவோம்."

ஞாயமாகத்தான் பட்டது.

நவம்பர் நடுவில், பீச் மரங்கள் இலை உதிர்த்து நின்றபோது, கையேடு வெளிவந்தது. ஒன்பது மாதம், ஒரு பிள்ளையைப் பெற்றிருக்கலாம். விழாக் கூடத்தில் பலூன்கள் கட்டியிருந்தார்கள். சர்க்கரை பூசிய இனிப்பு ரொட்டி, அரிசிப் பானம், க்ளியோஃபாஸ். அன்று காலை ஃபெர்மின் பிக்கப் ஜன்னலில் தட்டி, "இன்னிக்குக் குடுத்துருவாங்கடா," என்று சொல்லிவிட்டு வந்திருந்தார். நாத்தோ தலையசைத்தார். திரும்பிப் பார்க்கவில்லை.

டாக்கெட் அம்மாள் மேடையேறினாள். யாரித்ஸா பக்கத்தில் நின்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

"இந்தக் கையேட்டில் பதினான்கு பக்கங்கள். பதினான்குக்கும் முப்பத்தொரு பேர் ஒப்புதல் அளித்திருக்கிறார்கள். ஒஹாயோவிலிருந்து திரும்பி வந்த இங்கிலீஷ், நம் முதல் இங்கிலீஷோடு ஒரு சொல் பிசகாமல் பொருந்துகிறது. அதாவது, நாம் தொடங்கிய இடத்துக்கே துல்லியமாகத் திரும்பி வந்துவிட்டோம். மாநிலம் இதற்காக நமக்கு விருது அளிக்கிறது. இதை எத்தனை பேர் பயன்படுத்துவார்கள் என்று ஒரு நிருபர் கேட்டார். அது பயன்பாட்டுப் பிரிவின் வேலை. அந்தப் பிரிவு விரைவில் தொடங்கப்படும்."

கைதட்டல். முதல் பிரதியை ஃபெர்மினிடம் கொடுத்தார்கள். வழவழப்பான தாள். காப்பிக் கோப்பையிலிருந்து ஆவி பறந்தது. அவர் முதல் பக்கத்தைப் பார்க்கவில்லை. நேரே கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். நீலக் கட்டம். நல்ல பெரிய எழுத்து. விரலை வைத்தார்.

உதவிக்கு உடனே அழைக்கவும். உள்ளூர் எண்ணை இங்கே இடவும்.

இன்னொரு பிரதியை எடுத்துப் பார்த்தார். பெட்டியிலிருந்து இன்னொன்று. எல்லாவற்றிலும் அழகாக, ஒரே மாதிரி.

"தாயி," என்றார். "நம்பர் எங்க?"

யாரித்ஸா வாங்கிப் பார்த்தாள். அவள் காது சிவந்தது. அம்மாளிடம் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னாள். அம்மாளும் பார்த்தாள். ஒன்றும் பதறவில்லை. இத்தனை வருஷ உத்தியோகத்தில் தவறு கண்டு பதறுவதை மறந்திருந்தாள்.

"முப்பத்தொரு பேர் ஒப்புக்கொண்ட வாசகம் அது," என்றாள். "ஒஹாயோவில்கூட அப்படியே வந்திருக்கிறது. இதில் மொழிபெயர்ப்புப் பிழை ஏதும் இல்லை."

"பிழை இருக்குன்னு நான் சொல்லலை. நம்பர் இல்லைன்னு சொல்றேன்."

"உள்ளூர் எண்ணை உள்ளூர்க்காரர்கள்தான் இட வேண்டும். மேலிருந்து திணித்தால் அது சமூகத்தின் கையேடாக இருக்காது. நீங்கள்தான் உள்ளூர், டான் ஃபெர்மின்!" அம்மாளுக்கே அது பிடித்துப்போயிற்று. புகைப்படக்காரனை அருகே அழைத்தாள். "முதல் எண்ணை நம் மூத்த வாசகரே எழுதட்டும்!"

யாரோ ஒரு பேனாவை அவர் விரல்களுக்கிடையில் செருகினார்கள். கேமரா தயாராக நின்றது. ஃபெர்மின் நீலக் கட்டத்தைப் பார்த்தார். அவருக்கு மனப்பாடமாகத் தெரிந்த எண் ஒன்றுதான் உண்டு. அவர் வீட்டு எண். இந்நேரம் ஒப்தூலியா வேலையில் இருப்பாள். மணி அடித்தால் எடுக்க அங்கே இருப்பது நாத்தோ ஒருவர்தான். அவரும் எடுக்கமாட்டார். முற்றத்தில், வண்டிக்குள் இருப்பார்.

"எழுதுங்க டான் ஃபெர்மின்," என்றாள் யாரித்ஸா. அவள் குரல் கெஞ்சியது. "என்ன தோணுதோ அதை."

"தோணினா ஏன் உங்ககிட்ட வர்றேன்?"

பேனாவை மூடி மேஜையில் வைத்தார். தொப்பியைப் போட்டுக்கொண்டார். க்ளியோஃபாஸ் ஒரு இனிப்பு ரொட்டியைத் தாளில் சுற்றி அவர் பையில் திணித்தாள். "தம்பிக்குக் குடு," என்றாள். 

"டான் ஃபெர்மின், குழுப் படம் எடுக்கணும்! உங்க சான்றிதழ்!" என்று யாரித்ஸா வாசல்வரை ஓடி வந்தாள். "திருத்தம் கேட்டு எழுதறேன். மறுபதிப்புல நிச்சயமா வந்துரும்."

"எப்ப?"

"உங்க கேள்வி எங்களுக்கு ரொம்ப..." என்று தொடங்கியவள், பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

அவர் படியிறங்கினார். உள்ளே அவர் நிற்க வேண்டிய இடத்தில் ஒரு பலூனை நிறுத்திப் படமெடுத்தார்கள். பஸ் நிறுத்தத்தில் பலகையைப் பார்த்தார். அடுத்த பஸ்ஸுக்கு ஐம்பது நிமிஷம். நாத்தோ சொன்ன சரி, கையேடு வரும் வரைக்கும்தான். பையில் நாத்தோவின் கடைசி டிக்கெட் இருந்தது. அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, அதையும் நம்பாமல், கவாத்து செய்த பீச் மரங்களின் நடுவே போகும் குறுக்குப் பாதையில் இறங்கி வீட்டைப் பார்க்க வேகமாக நடக்க ஆரம்பித்தார்.